வெண்கலத் தலையில் சந்தனம்

நான் வார்த்த வெண்கலப் பெண்ணைத் திருத்தணிப் பூங்காவில் நிறுத்தியிருந்தோம். மொட்டைத் தலை, நிமிர்ந்த கழுத்து, இடுப்பில் கை. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பூங்காக் குழுத் தலைவர் வீரபத்திரன் அவளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னாம்மா மோகனப்ரியா, எழவு வீடு மாதிரி கீது. ஒரு கொண்டை வெச்சிடு."

"வேண்டுதல் மொட்டைங்க இது. மலையில தெனமும் பொம்பளைங்க முடி குடுக்குறாங்களே, அவங்களப் பார்த்து எழவுன்னு சொல்வீங்களா?"

"அவங்களுக்குத் திரும்ப வளரும். இதுக்கு வளருமா?"

"வளராது. குடுத்தத திருப்பி வாங்காதவ இவ."

"கொண்டை வரலன்னா துணி போட்டு மூடிடுவேன்."

சொன்னபடியே மூடினார். மறுநாள் காலையில் நான் மலைக்குப் போய், இடுப்பைத் தொடும் என் முடியை இறக்கினேன். தலையில் பூசிய சந்தனம் காய்வதற்குள் விழாவுக்கு வந்து, எல்லோரும் பார்க்க அந்தத் துணியை உருவினேன். மலையிலிருந்து கையோடு கொண்டுவந்த கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை அவள் தலையிலும் அப்பினேன்.

மைக்கைப் பிடித்திருந்த வீரபத்திரன் அதைக் கீழே இறக்கினார். உருவிய துணியை அவர் கையில் கொடுத்தேன்.

"இது ஒண்ணு பத்தாதுங்க. இப்ப நாங்க ரெண்டு பேரு."