படிக்கட்டில் ஒரு மஞ்சள்

கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளியிருந்த பழைய ஊர் சர்ச் கட்டடத்தை இடித்து, அதே இடத்தில் பெரிதாக ஒன்று கட்டி முடித்திருந்தார்கள். பிரதிஷ்டைக்கு வாசலில் மாட்ட, ரத்தினம் வரைந்த பழைய சர்ச்சின் படத்தைக் கேட்டார்கள். அவர் மனைவி ஜீவிதா ஒரு மாதம் பிடிகொடுக்கவில்லை.

அவளைக் குறை சொல்லி என்ன? மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்து இருட்டும்வரை ரத்தினம் வரைந்த படம் அது. வெள்ளைச் சுவர் மஞ்சளாகி, சிவந்து, கடைசியில் நீலமானது. வெளிச்சம் இவருக்காக நிற்குமா என்ன? எல்லா நிறத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பினார். கோபுரம் கரைந்து வானத்தோடு போனது. "போலாம்பா, கொசு கடிக்குது" என்று படிக்கட்டில் உட்கார்ந்து நச்சரித்த மகள் ஜெனியை, மஞ்சள் சுடிதாரோடு ஒரே தீற்றலில் வைத்தார். கண், மூக்கு கிடையாது. ஆனாலும் அது ஜெனிதான். அந்த மழைக்காலத்திலேயே டெங்கு அவளைக் கொண்டுபோனது. வீட்டில் போட்டோக்கள் எத்தனையோ இருந்தன. ஜீவிதா பேசுவதென்னவோ அந்தத் தீற்றலோடுதான்.

"வூட்ல தனியா கெடக்குறதுக்கு நாலு பேரோட இருக்கட்டும் ஜீவி. வாரா வாரம் பாத்துக்கலாம்" என்று ரத்தினம்தான் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார்.

படத்துக்குச் சட்டம் போட ஜெபின் வாங்கிப்போனான். ஜிஎஸ்டி ரோட்டில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவன். சபைக் காரியம் என்றால் சோறு தண்ணி மறந்து ஓடுவான்.

பிரதிஷ்டை அன்று அவனே பெருமையாகத் துணியை விலக்கினான். படத்தில் சுவர் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் நின்றது. வானம் ஒரே நீலம். படிகள் துடைத்துவிட்டாற்போல் சாம்பல்.

"தாம்பரம் ஷெட்ல நீங்க ரயில் பொட்டிக்கு நம்பர் எழுதுனா ஒரு கோடு கோணாதுன்னு எங்கப்பா சொல்லிகினே இருப்பாருண்ணா. இப்போ உங்களுக்குக் கை நடுங்குது, பாவம். அதான் எல்லாம் கலங்கிப்போயி இருந்துச்சு. ரெண்டு நாள் உக்காந்து நானே சரி பண்ணேன். படில ஏதோ மஞ்சக் கறை. அதையும் எடுத்துட்டேன்."

ரத்தினம் படிக்கட்டின் மேல் நகத்தை வைத்துப் பார்த்தார். பெயின்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. அவனை நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது நெஞ்சு ஆறியிருக்கும். அவன் முகத்தைப் பார்த்துத் திட்டவும் முடியவில்லை.

"நல்லா கீது ஜெபினு" என்றார்.

ஜீவிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேராகப் படிக்கட்டைத்தான் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். இன்னும் கிட்டே போனாள். உள்ளே ஆயர் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார்.

"எங்கங்க அவ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஜெபின்தான் அக்கறையாகப் பக்கத்தில் வந்தான்.

"யாரத் தேடுறீங்கக்கா?"