வெறும் கண்ணாடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை என் மனைவியிடமிருந்து கேட்காமல் எடுத்தேன். அவள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சில்லுகள்மேல் குறைக்கடத்திப் படலம் பூசுகிறாள். சொட்டு விட்டு, வேகமாகச் சுழற்றி, உலையில் சுட்டு எடுத்தால் படலம் தயார். கண்ணுக்கே தெரியாது. (எந்தப் பக்கம் பூசியது என்று அவளே ஊதித்தான் கண்டுபிடிப்பாள், பூசிய பக்கத்தில் மூச்சு புகையாகப் படியாது.) அதை நீலச் சாயத் தண்ணீரில் போட்டு விளக்கடியில் வைப்பாள். வெளிச்சத்தை வாங்கிப் படலம் சாயத்தைச் சிதைத்தால் நீலம் வெளுக்கும்.

2

முதல் தொடக்கம்: "நீலம் மெல்ல மெல்ல விடைபெற்றது, ஏதோ ஒரு..."

அவள் படித்துவிட்டு, மெல்ல என்றால் நிமிடத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். தொடக்கம் அங்கேயே படுத்துவிட்டது.

3

பதினான்காம் படலம் ஒரு மணி நேரத்தில் நீலத்தைத் துடைத்தெடுத்தது. அதைப் பற்றிய அவள் ஆய்வுக் கட்டுரையைப் பத்திரிகையும் ஏற்றுக்கொண்டது. நான்கு வருட உழைப்பு. அது அச்சானால்தான் பட்டம். அந்த வாரம்தான் அவளுக்கு உறைத்தது: ஒப்பிடுவதற்கான, படலம் பூசாத வெறும் கண்ணாடியைப் பழைய விளக்கில் சோதித்திருக்கிறாள். நடுவில் விளக்கை மாற்றிவிட்டார்கள். புதியது வலுவானது; படலத்தைச் சோதித்தது அதில்தான். வெளிச்சம் மட்டுமே சாயத்தை வெளுத்திருந்தால், படலம் சும்மா கிடந்து பேர் வாங்கியிருக்கிறது.

(இங்கே என்னைக் காட்ட வேண்டும். மூன்று வரைவுகளில் தவிர்த்தேன். யாரும் கேட்கப்போவதில்லை, விட்டுவிடு என்று அவளிடம் சொன்னது நான்தான். இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை.)

4

மறுநாள் காலை வெறும் கண்ணாடியைச் சாயத்தில் இறக்கி விளக்கைப் போட்டாள். நானும் கூட இருந்தேன். ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பத்தாவது நிமிடத்தில் பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்: ஒப்பீட்டுச் சோதனையில் பிழை இருக்கிறது, கட்டுரையை நிறுத்தி வையுங்கள்.

முடிவு வந்த பிறகு அனுப்பக்கூடாதா என்றேன்.

"நல்லபடியா வந்துட்டா நான் இதை அனுப்பவே மாட்டேன்," என்றாள். "என்னை எனக்குத் தெரியும்."

அனுப்பிவிட்டாள்.

5

முடிவு ஒன்று: நீலம் அப்படியே இருந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே...

முடிவு இரண்டு: வெளுத்துவிட்டது. அவள் விளக்கை அணைத்து...

இரண்டையும் அடித்துவிட்டேன். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால், அவள் செய்தது புத்திசாலித்தனமா அசட்டுத்தனமா என்று அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். முதலில் அப்படி எழுதியவன் நான்தான்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: கடிதத்தை அனுப்பிவிட்டு எழுதுங்கள்.