நாலா, அஞ்சா?

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. சீருடைக் கடைக்கு வருஷா வருஷம் வருகிற ஏழரை அது. சட்டைகள் மலையாகக் குவிந்து கிடக்கும். ஒவ்வொரு சட்டைப்பையிலும் அந்தப் பிள்ளையின் பெயரைத் தைத்தாக வேண்டும். பெயர் தைக்கிற மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள்தான் சின்னவள். சின்னவள் என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயசு நாற்பத்தேழு. கண்ணில் கண்ணாடி, காலில் வீக்கம். நாலு பெண்களில் கடைசி என்பதால் வீட்டில் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே ஒட்டிக்கொண்டது.

இருபத்திரண்டு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளின் பெயரெல்லாம் அவள் விரலுக்கடியில்தான் ஓடுகின்றன. எந்தப் பெயருக்கு இந்த வருஷம் மவுசு, எது போணியாகவில்லை என்று அவளைக் கேட்டால் போதும். போன வருஷம் ஒரே வகுப்பில் ஒரே பெயரில் ஏழு பேர். இனிஷியல் போட்டும் பிரிக்க முடியாமல், நூலின் நிறத்தையாவது மாற்றிக் கொடுங்கள் என்று டீச்சர் ஆள் அனுப்பிவிட்டாள். ஆனால் இத்தனை வருஷத்தில் சின்னவளின் சொந்தப் பெயர் மட்டும் ஒரு சட்டைக்குக்கூட வந்ததில்லை.

குவின்டா. அதுதான் அவள் பெயர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'குவிண்டால்' என்றார்கள். உடம்பும் அதற்குத் தோதாக இருந்து தொலைத்தது. அப்பா மருந்துக்கடையில் கம்பவுண்டர். டாக்டர்கள் சீட்டில் லத்தீனில் கிறுக்குவதைப் படித்துப் படித்து அந்த மொழியில் பத்துச் சொல் அவருக்குத் தெரியும். என்னப்பா அர்த்தம் என்று கேட்டால், "அபூர்வமான பேரும்மா, லேசுல யாருக்கும் கிடைக்காது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். குவின், குயின் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, ராணி என்று ஏதாவது இருக்கும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். முடிவு கட்டின விஷயத்தை யார் போய் மறுபடி தேடுவார்கள்?

அந்த ராணியின் லட்சணத்தையும் சொல்ல வேண்டுமே. காலையில் ஐந்தரைக்கு எழுந்து அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போய், துடைத்து, உடுத்தி, சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்து, கடைக்கு ஓடி, சாயங்காலம் திரும்பி வந்து அதையே மறுபடி முதலிலிருந்து. அப்பா போய் ஒன்பது வருஷமாகிவிட்டது. அக்காமார் மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை போனில் வந்து, "அம்மாவை நல்லாப் பாத்துக்கடி" என்று வாய்க்கு வலிக்காமல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. அம்மா அவளை ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்கு நினைவில்லை. அக்காமார் மூவருக்கும் பெயரும் உண்டு, செல்லப் பெயரும் உண்டு. இவளுக்கு 'ஏய்', 'இந்தா', மனசு நன்றாக இருந்தால் 'சின்னவளே'. மூன்று பெண்ணுக்கு மேல் நாலாவதும் பெண் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும், வேண்டாமல் வந்தவளுக்குப் பெயர் ஒரு கேடா என்று அவள் பாவாடை கட்டின வயசிலேயே தீர்மானித்துவிட்டாள். அம்மா கண்ணை மூடுவதற்குள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. ஆசையைச் சொல்லக் கூச்சம். இந்த வயசில் இது ஒரு ஆசையா என்று சிரிப்பார்களே.

அன்றைக்கு மத்தியானம் கட்டைப் பிரித்து எடுத்த ஆர்டர் சீட்டில் அந்தப் பெயர் இருந்தது. சின்னவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். பாலர் வகுப்பு, இரண்டு சட்டை, குவின்டா. தைத்து முடித்து, அந்தப் பிள்ளையின் அம்மா வாங்க வந்தபோது தானே எழுந்துபோய்க் கொடுத்தாள்.

"இந்தப் பேரை எங்கேம்மா புடிச்சீங்க?"

"பேர் புத்தகத்துலக்கா. லத்தீன் பேரு. லட்சத்துல ஒருத்தருக்குக்கூட இருக்காதாம்" என்றாள் அந்த அம்மா பெருமையாக. "அஞ்சாவதுன்னு அர்த்தம். எனக்கு அஞ்சும் பொண்ணு. இவ அஞ்சாவது. பொருத்தமா இருக்கேன்னு வெச்சுட்டோம்."

"என் பேரும் இதுதாம்மா."

"அடேங்கப்பா! அப்ப நீங்களும் அஞ்சாவதா?"

"இல்லம்மா, நான் நாலாவது."

அந்த அம்மா சிரித்துவிட்டாள். "உங்கப்பா கணக்குல கொஞ்சம் வீக் போல."

மருந்தைச் சொட்டுக் கணக்கில் அளந்து கொடுத்த மனுஷன் பெற்ற பிள்ளையைத் தப்பாக எண்ணுவாரா? அதற்கப்புறம் சின்னவள் தைத்ததில் மூன்று பெயர் எழுத்துப் பிழையோடு போயிற்று. கடைக்காரம்மா கத்தினாள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. அம்மா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், இவ்வளவு நேரமா? தொண்டை வறண்டு போச்சு."

சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள். கேட்க வேண்டாம், குளித்துவிட்டுப் படுத்துவிடலாம் என்று உடம்பு சொன்னது. வாய் கேட்டுவிட்டது.

"அம்மா, நான் நாலாவதா, அஞ்சாவதா?"

அம்மா தம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. என் பேருக்கு அஞ்சுன்னு அர்த்தமாம். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"உங்கப்பாவுக்கு வேற வேலை இல்ல" என்று அம்மா ஆரம்பித்தாள். சின்னவள் நகரவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா" என்றாள் அம்மா. "பதினோரு நாள். ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. வீட்டுக்குத் தூக்கிட்டே வரல. பெரியவளுக்கே அப்ப அஞ்சு வயசு. பாப்பா வரலன்னு சொன்னோம், மறந்துட்டாங்க."

"பேரு?"

"வைக்கிறதுக்குள்ள போயிட்டா." அம்மா தம்ளரின் விளிம்பைத் தடவினாள். "இனிமே யார் கேட்டாலும் மூணுன்னே சொல்லுங்க, அந்தப் பேச்சே எடுக்காதீங்கன்னு நான்தான் உங்கப்பாகிட்ட சத்தியம் வாங்கினேன். அடுத்த வருஷம் நீ வந்தே. பேர் பதியறதுக்கு அவரு தனியாப் போனாரு. வந்து சொன்னதும், அட, அழகா இருக்கேன்னேன். வாய் நிறையக் கூப்பிட்டேன்டி உன்னை. தெருவே திரும்பிப் பாக்கும்."

"என்னையா?"

"பின்ன யாரை? உனக்கு ரெண்டு வயசு இருக்கும், ஒரு நாள் விளையாட்டாக் கேட்டேன், என்னங்க அர்த்தம்னு. மனுஷன் சொல்லிட்டாரு. வெளியே சொல்ல மாட்டேன்னுதானே சத்தியம், எண்ண மாட்டேன்னு சொல்லலையேன்னாரு. அன்னிக்கு அழுத அழுகை... அதுக்கப்புறம் வாயைத் திறந்தா நாலாவது எங்கேன்னு நெஞ்சு கேக்குது. நான் என்ன பண்ணுவேன்?"

சின்னவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வேண்டாத பிள்ளைன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேனேம்மா!"

"ஐயையோ, என்னடி இது!" அம்மா தம்ளரை ஜன்னலில் வைத்தாள். "சொன்னா, அவளுக்குப் பதிலா வந்தவன்னு நெனச்சுப்பியோன்னு பயந்தேன்டி."

இரண்டு பேரும் பயந்ததில் நாற்பத்தைந்து வருஷம் ஓடிப்போயிருக்கிறது. சின்னவளுக்கு அழுகை வந்தது. அழவும் தெம்பில்லாமல் அம்மாவின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். பழக்கதோஷம்.

அம்மா உதட்டைக் குவித்தாள். "கு..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி முயன்றாள். முகம் கோணிக்கொண்டது.

"விடும்மா. சின்னவளேன்னே கூப்பிடு. எனக்குப் போதும்."

போதும் என்று சொன்னது பொய்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்?

அம்மா கேட்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தப் பாஷையில நாலாவதுக்கு என்ன சொல்வாங்க?" என்று கேட்டாள்.

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துத் தேடினாள். படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னடி?"

"குவார்ட்டாவாம்."

"என்னது, குவார்ட்டரா?"

"குவார்ட்டர் இல்லம்மா, குவார்ட்டா!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்க, இருமல் வர, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். "நல்ல வேளை! பள்ளிக்கூடத்துல மானத்தை வாங்கியிருப்பாங்க. தினம் அழுதுகிட்டே வந்திருப்பா."

"என்னை ஒருத்தரும் குவிண்டால்னு கூப்பிட்டிருக்க மாட்டாங்க. எல்லாரும் அவளைத்தான் ஓட்டியிருப்பாங்க."

"சிரிக்காதடி. உன் அக்கா அவ."

அந்தச் சொல்லில் இரண்டு பேரின் சிரிப்பும் நின்றுவிட்டது. சின்னவளின் கை அம்மாவின் பாதத்தின் மேலேயே கிடந்தது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறவளைப் போல வாசலைப் பார்த்து, மூத்தவளிலிருந்து ஆரம்பித்து மூன்று பெயரையும் வரிசையாகச் சொன்னாள். "குவார்ட்டா" என்றாள். பதினோரு நாள் பிள்ளை பதில் சொல்லுமா என்ன, ஆனாலும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு திரும்பி, "குவின்டா" என்றாள்.

"இங்கதாம்மா இருக்கேன்" என்றாள் சின்னவள்.