கட்டை வைத்த பெடல்

தம்பியின் சைக்கிளை நாட்டின் அந்தக் கோடிக்கு அனுப்ப அக்கா விசாரிக்கப் போன இடங்களிலெல்லாம் ஒரே பேச்சுதான். "இந்தப் பழைய சைக்கிளுக்காம்மா இவ்வளவு அலையறீங்க? அங்கேயே ஒண்ணு வாங்கிக்கச் சொல்லுங்க."

சொன்னவர்களையும் குறை சொல்ல முடியாது. சைக்கிளின் லட்சணம் அப்படி. முன் மட்கார்டு ஒரு நிறம், பின் மட்கார்டு ஒரு நிறம். செயின் கவர் எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் கழன்று போயிருந்தது. ஆனால் இடது பெடலைக் குனிந்து பார்த்தவர்கள் யாருமில்லை. அதன்மேல் ஒரு மரக்கட்டை இரும்புப் பட்டை போட்டு இறுக்கப்பட்டிருந்தது. தம்பிக்குப் பிறவியிலேயே இடது கால் குட்டை. கடையில் நிற்கிற எந்தச் சைக்கிளில் ஏறினாலும் அந்தக் கால் பெடலுக்கு எட்டாமல் அந்தரத்தில் தொங்கும். ஒரு வெல்டர் அவனை நாலு நாள் வரவழைத்து, ஏற்றி இறக்கிப் பார்த்து, அளவெடுத்துச் செய்து கொடுத்த பெடல் அது.

தம்பிக்கு மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கில் வேலை கிடைத்திருந்தது. அதற்கு முன் போன நேர்காணல்களில் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்கள். இங்கே மட்டும்தான் கையைப் பார்த்தார்கள். கிடங்குக்குப் பக்கத்திலேயே அறை தருவதாகச் சொன்னதை நம்பி ஒரே ஒரு பையோடு ரயிலேறினான். போய்ப் பார்த்தால் அந்த அறையில் வேறு யாரோ இருந்தார்கள். கிடைத்த அறையோ கிடங்கிலிருந்து ஊரின் மறுகோடியில். பகல் ஷிஃப்டுக்குப் பேருந்து இருந்ததால் சமாளித்தான். வருகிற திங்கள் முதல் விடியற்கால ஷிஃப்ட். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. ஒரு நாள் நடந்தே போய்ப் பார்த்தான். நேரம் கடந்துவிட்டது, கால் வீங்கியதுதான் மிச்சம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

"பரவாயில்லக்கா. திரும்பி வந்துடறேன்," என்றான் போனில்.

திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். இந்தப் 'பரவாயில்ல'யைத்தான் தாங்க முடியவில்லை.

கூரியர் அலுவலகத்தில் சைக்கிளை எடை போடவே இல்லை. டேப்பை வைத்து நீட்டி நீட்டி அளந்தார்கள். "கனம் இல்லம்மா கணக்கு. எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னுதான் கணக்கு." அவர்கள் சொன்ன தொகைக்கு இரண்டு சைக்கிள் வாங்கி, ஒன்றில் அவளே உட்கார்ந்து அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். ரயில் பார்சலில் கட்டணம் குறைவுதான். ஆனால் பார்சல் ஏற்றுகிற ரயில் தம்பியின் ஊரில் நிற்காது. முந்தைய பெரிய ஸ்டேஷனுக்குப் போய் எடுத்துவர அவன் லீவு போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு லீவு கேட்டால் ஒரேயடியாகக் கொடுத்துவிடுவார்கள். பேருந்து நிலையத்தில் கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "சின்னப் பொட்டலம்னா குடுங்கம்மா. சைக்கிளை நான் என்ன மடியிலயா வெச்சுக்க முடியும்?"

அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வியாழக்கிழமை போர்வை மடிக்கும்போது அவள் முகம் தொங்கிக் கிடந்ததைப் பார்த்து, இஸ்திரி போடுகிறவர் என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"வீடு மாத்திப் போறவங்க லாரியில கேட்டுப் பாத்தியா?" என்றார் அவர். "என் மச்சான் நாளைக்கு அந்த ஊருக்குத்தான் லோடு எடுக்கறான். ஆனா ஒண்ணு. மொத்த வண்டியும் அந்த வீட்டுக்காரங்க பிடிச்சது. அவங்க வாயால சரின்னு சொன்னாத்தான் அவன் ஒரு ஆணிகூட ஏத்துவான்."

மறுநாள் காலை அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அந்த வீட்டுக்குப் போனாள். வீட்டுக்கார அம்மாள் சுருட்டிய மெத்தைமேல் உட்கார்ந்து, யார் வந்தாலும் கடித்துக் குதறத் தயாராக இருந்தார். வீடு மாற்றுகிற அன்றைக்கு யாரும் தெய்வமாக இருப்பதில்லை.

"சைக்கிளா? எங்க சாமானே ஏற மாட்டேங்குதுன்னு அங்க சண்டை நடக்குது. நீங்க வேற!"

அக்கா கெஞ்சவில்லை. பெடலைச் சுழற்றிக் கட்டையைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, அந்தச் செருப்பு அலமாரி வேண்டாம். அது இங்கேயே கிடக்கட்டும்!"

அக்காவின் நம்பரையும் தம்பியின் நம்பரையும் தன் போனில் ஏற்றிக்கொண்டார். காசு என்று பேச்செடுத்ததற்கு ஒரு முறை முறைத்தார், அவ்வளவுதான். அக்கா ஹேண்டிலைத் திருப்பி, பெடல்களைக் கழற்றி, வலது பெடலைச் சீட்டுக்கு அடியில் கட்டினாள். பீரோவுக்குப் பின்னால், வண்டியின் தலைமாட்டில், சைக்கிள் அப்பளம் மாதிரி ஒட்டி நின்றது. லாரியில் குலுங்கிக் கட்டை பிளந்துவிடக் கூடாதே என்று இடது பெடலை மட்டும் துண்டில் சுற்றினாள். ரயிலில் போகப்போகிற அந்த அம்மாள் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று தன் சாப்பாட்டுப் பையில் பத்திரப்படுத்தினாள்.

பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கழுவுவதற்காக டப்பாவை எடுத்தபோது அடியில் துண்டு கிடந்தது. லாரி போய்விட்டது. அந்த அம்மாளும் ரயிலேறிவிட்டார்.

அக்கா தலையில் அடித்துக்கொள்ளக்கூட நிற்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு ஓடினாள். அதே கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் மூச்சிரைக்கத் துண்டை விரித்துப் பெடலை நீட்டினாள்.

"மீதி சைக்கிள் எங்கம்மா?"

"லாரியில போகுதுண்ணே."

அவர் விசிலை எடுத்துவிட்டு அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். "எங்க வண்டி பாதி தூரம்தான் போகும். அங்க நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான், அவன் கையில மாத்தி விடறேன். உன் தம்பி நம்பரைச் சொல்லு." டிக்கெட் எவ்வளவு என்று கேட்டதற்கு, "பெடலுக்கெல்லாம் டிக்கெட் அடிக்க மெஷின்ல வழியில்ல, போம்மா," என்று விசில் ஊதினார்.

சனிக்கிழமை இரவே தம்பி கூப்பிட்டான். "அக்கா, பெடல் வந்துருச்சு. சைக்கிள்தான் வரல." சொல்லிவிட்டுச் சிரித்தான். பல நாளைக்குப் பிறகு அவன் சிரித்ததைக் கேட்டு அக்காவும் சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சிரிக்கவில்லை. லாரி வழியில் ஆக்ஸில் முறிந்து நின்றிருந்தது. புது வீட்டில் வெறுந்தரையில் உட்கார்ந்திருப்பதாக அந்த அம்மாள் போனில் சொன்னார். சாயங்காலமும் வண்டி வரவில்லை. திரும்பி வரப்போகிறவனுக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்து யோசித்து அக்கா அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

திங்கள் வெளுக்கும் முன்பே போன் அடித்தது. அந்த அம்மாள்தான்.

"வண்டி ராத்திரிதான் வந்துச்சும்மா. சுமை இறக்கற ஆளுங்க காலையிலதான் வருவாங்களாம். உன் சைக்கிள் எங்க இருந்துச்சு? எல்லாத்துக்கும் உள்ளே, பீரோவுக்குப் பின்னாடி! அதை எடுக்கணும்னா மொத்த வீட்டையும் இறக்கணும்."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "ஐயோ, அப்புறம்?"

"அப்புறம் என்ன, இறக்கினோம். நானு, எங்க வீட்டுக்காரர், டிரைவர், போன் போட்டதும் வந்து நின்ன உன் தம்பி. எதிர்வீட்டுக்காரங்க முழிச்சுக்கிட்டு, யாரு எவருன்னு தெரியாமலே ஒரு கை பிடிச்சாங்க. கட்டில் எல்லாம் இன்னும் தெருவுலதான் கிடக்கு. இப்பத்தான் பெடலை மாட்டிட்டுக் கிளம்பறான்."

நன்றி என்று ஒரு சொல் இருப்பதே அக்காவுக்கு மறந்துபோனது. அவள் வாயில் வந்தது வேறு.

"அம்மா, ரெண்டு காலும் எட்டுதா?"

செருப்பில்லாத கால்கள் தெருவில் நாலு எட்டு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேல்மூச்சு வாங்கக் குரல் வந்தது.

"எட்டுதும்மா. நல்லா எட்டுது. தோ, முனை திரும்பறான்."

அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதாள். அந்த அம்மாளுக்கு ஒரு தெரு நிறையச் சாமான் காத்துக்கிடந்தது. ஆனாலும் இவள் அழுது முடிக்கிற வரை அவர் போனை வைக்கவில்லை.