சத்தம் போட ஓர் அறை

பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் 'உஷ்'. காரணம் வீடு. அப்பாவுக்கு அச்சகத்தில் ராத்திரி ஷிப்ட், பகலில் தூக்கம். இடி விழுந்தால் எழ மாட்டார், ஈ முணுமுணுத்தால் எழுந்துவிடுவார். இருந்ததோ ஒரே அறை. கரண்டி தட்டில் படாமல் சாப்பிடுவதும், வாய்ப்பாட்டை உதட்டாலேயே ஒப்பிப்பதும் அந்த வீட்டின் நுண்கலைகள்.

அதனால் பள்ளி விட்டு வந்தவனை அம்மா மறுபடி பள்ளிக்கே துரத்துவாள். பிள்ளைகள் படிப்பதற்காக அங்கே சாயங்காலமும் கடைசி அறையில் விளக்கு எரியும், வாசலில் வாட்ச்மேன் அண்ணன் இருப்பார். மை வாசனை, ஒரு கால் ஆடும் பெஞ்ச், ரீங்காரமிடும் டியூப்லைட். அங்கேதான் தொண்டை கிழியக் கத்திப் படித்தான். இப்போது பாலங்களுக்குக் கணக்குப் போடும் என்ஜினியர். எங்காவது டியூப்லைட் முனகினால் இன்றும் அவனுக்கு நெஞ்சு இளகிவிடும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

அந்த அறையைத்தான் மூடப்போகிறார்களாம். விளக்குக்கும் வாட்ச்மேனுக்கும் இனி நிதி கிடையாது. பிள்ளைகள் உருப்படுவது வீட்டால்தான், பணத்தால் அல்ல என்று பெற்றோர் கூட்டத்தில் முழங்கிய கல்வி அதிகாரி, சாட்சிக்கு இவனையே மேடையேற்றினார்.

"சொல்லுங்க தம்பி, உங்கள உருவாக்கினது வீடா, பள்ளிக்கூடமா?"

முன்வரிசையில் அம்மா, இவனைப் பெற்ற மிதப்பில். வீடு என்றால் அறை போய்விடும். பள்ளிக்கூடம் என்றால் அம்மா முகம் சுருங்கிவிடும். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அம்மா எழுந்துவிட்டாள். "அவன என்ன சார் கேக்குறீங்க? வீட்ல வாயத் திறந்தா நானே ஒண்ணு வைப்பேன். அவங்கப்பா தூங்கினாதானே வேலைக்குப் போக முடியும்? அதான் இங்க துரத்தி விட்டேன்."

அதிகாரி மலர்ந்தார். "பாத்தீங்களா! துரத்தினது வீடுதானே?"

"யாரு வேணா துரத்தலாம் சார். இங்க கதவு பூட்டியிருந்தா எங்க போயிருப்பான்?"

கூட்டம் கைதட்டியது. அதிகாரி தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். பிறகு, இந்த வருடம் அறையை மூடப்போவதில்லை என்றார். அடுத்த வருடத்தைப் பற்றி அடுத்த வருடம் பேசலாமாம்.

போகும் வழியில் அவனும் அம்மாவும் அந்த அறையை எட்டிப் பார்த்தார்கள். உள்ளே பிள்ளைகள் கூரை பறக்க ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் இப்படியாடா கத்துவ?"

"இதவிட."

"நான் கேட்டதே இல்லையே. ஒண்ணு சொல்லு பாப்போம்."

உற்சாகமாகப் பதினேழாம் வாய்ப்பாட்டைப் பிடித்தான். பாதியில் மாட்டிக்கொண்டு, வாய்க்கு வந்த ஓர் எண்ணை உரக்கச் சொன்னான்.

அம்மா பதறிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மெதுவாடா! அந்த சார் இன்னும் கார்ல ஏறல."