வார்டை விட்டு நகராதவள்

முப்பது நாள், நாளுக்கு எட்டு மணி நேர டியூட்டி. இதில் நான் வார்டை விட்டு வெளியே போனது பூஜ்யம் நிமிடம். நிர்வாகம் அழைத்து வந்த நேர ஆலோசகர் அளந்த கணக்கு இது.

ஒரு மாதமாக அவர் கடிகாரத்தோடு எங்கள் பின்னாலேயே நடந்தார். ஊசி போட மூன்று நிமிடம், விரிப்பு மாற்ற ஐந்து, அழுகிற நோயாளிக்கு ஆறுதல் சொல்ல ஒன்றரை. இரண்டு பேர் சேர்ந்து அழுதால் நேரம் மிச்சம் என்றார். நர்ஸுகளுக்கான கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்தது. போய்வர ஒன்பது நிமிடம். போகிறவள் அவரிடம் காரணம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

எங்களுடையது சிறுநீரகக் கல் வார்டு. "தண்ணி குடிங்க" என்று நோயாளிகளை விரட்டுவது என் வேலை. அதற்கு அரை நிமிடம்.

இன்று பாராட்டுக் கூட்டம். நேரத்தின் அருமை பற்றி ஆலோசகர் பேசத் தொடங்கி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

"அடுத்த மாசத்துலேருந்து இந்த சிஸ்டர்தான் எல்லாருக்கும் அளவுகோல். டியூட்டி முடியற வரைக்கும் யாரும் வார்டை விட்டு நகர வேண்டியதில்ல."

பக்கத்தில் நின்ற சீனியர் அக்கா என் இடுப்பில் கிள்ளினாள்.

"ஊமைக்கோட்டான், நீ நல்ல பேரு வாங்க நாங்க அடக்கிக்கிட்டு நிக்கணுமா? எனக்கு சர்க்கரை வேற இருக்குடி."

"நான் எதுவும் கேக்கலக்கா."

"கேக்காமலேதான் எங்க குடியைக் கெடுத்துட்ட."

மேடைக்குக் கூப்பிட்டார்கள். பரிசு, ஆஸ்பத்திரி முத்திரை போட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். காலியாக இருந்தது.

"வாயே தொறக்காத பொண்ணு சார், வேலை மட்டும்தான்" என்றார் மேட்ரன், பெற்ற தாய் போல.

ஆலோசகர் மைக்கை நீட்டினார். "உன் ரகசியத்தை எல்லாருக்கும் சொல்லும்மா. கத்துக்கட்டும்."

இவர் ஒருவரிடம் காரணம் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இவ்வளவும். இப்போது எதிரே நூறு பேர். தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். கீழே அக்கா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள்.

மைக்கை வாங்கினேன்.

"டியூட்டி நாள்ல நான் தண்ணியே குடிக்கிறதில்ல சார். குடிச்சா பாத்ரூம் போகணும். நேத்து ஸ்கேன் எடுத்தேன். எனக்கும் கல்லு."