ஹாரன் அடிக்காத வளைவு

மார்ச் மாதம் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சையில் அரை மணி நேரம்கூட உட்காராமல் எழுந்து ஓடிவந்தவள் நான். விடை தெரியாமல் இல்லை. வினாத்தாளைப் பார்த்ததும் கை உதறியது, கண் இருட்டியது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் போனது. ஆடி பிறந்ததும் எங்கள் ஊர் சிலமலையிலிருந்து அம்மாவோடு ஏலத்தோட்டத்தில் காய் பறிக்க ஜீப்பில் மலையேறத் தொடங்கினேன். அது எண்பத்தொன்றாம் வருஷம்.

அக்டோபரில் நான் மறுபடி எழுதப் போவதாக அம்மா அன்னக்கொடி ஜீப்பில் சொன்ன நாளில்தான் வினை ஆரம்பித்தது. கூட வரும் பெண்கள் தங்களுக்குள் ஒரு முடிவெடுத்தார்கள்: சாயங்காலம் மலையிறங்கும்போது பிள்ளை படிக்கட்டும், ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாது. ஊர் வம்பு முழுக்க அரைபடுவது அந்த ஜீப்பில்தான். இப்போது யாராவது இருமினால்கூட, அவர்களில் மூத்தவளான மூக்கம்மாள் அத்தை முறைத்தாள். எனக்கோ இழவு வீட்டிலிருந்து திரும்புவது போலிருந்தது. இத்தனை பேர் எனக்காக வாயை மூடிக்கொண்டால் நான் எப்படித் தோற்பது? புத்தகத்தில் ஒரு வரி ஏறவில்லை. கை உதறல் ஜீப்பிலேயே வந்துவிட்டது.

டிரைவர் ஜக்கையன் அண்ணன் எல்லோரையும் மிஞ்சினார். பரீட்சைக்கு முதல் நாள், போடிமெட்டிலிருந்து இறங்குகையில், என் படிப்பு கெடக் கூடாதென்று கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடிக்காமலே திரும்பினார். மூன்றாவது வளைவில் எதிரே லோடு லாரி. ஜீப் ஓரச்சுவரில் உரசி நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் பள்ளம். அப்போதும் யாரும் கத்தவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. புத்தகத்தை மூடினேன்.

“பேசுங்கத்த. நீங்க பேசாம வந்தா எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கும் நான் எந்திரிச்சு வந்துட்டா ஒங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

“வந்துட்டா வந்துட்டுப் போற. மறுநா வெரசா ஜீப்புக்கு வந்துரு” என்றாள் மூக்கம்மாள் அத்தை.

அம்மா என் கையைப் பிடித்தாள்.

“எனக்கும் பயந்தான்த்தா. அதான் பரிச்சயப் பத்தி ஒங்கிட்டப் பேசவே இல்ல.”

பயம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் போடியில், பரீட்சை அறையில் கை உதறத்தான் செய்தது. பேனாவைக் கீழே வைத்து, அடங்கும்வரை சும்மா இருந்தேன். பிறகு தெரிந்த கணக்கிலிருந்து தொடங்கினேன். இன்னொரு தடவையும் அப்படி ஆனது. மணியடித்தபோது எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்தது. முப்பத்திரண்டு. தேற இன்னும் மூன்று மார்க் வேண்டும். மறுநாள் ஜீப்பில் ஏறியதும் நானே சொன்னேன்.

“கடைசி வரைக்கும் இருந்தியா?” என்றாள் அத்தை.

“இருந்தேன்.”

“அப்ப மார்ச்சுல எழுது.”

சொல்லிவிட்டு, யாரோ ஒருத்தியின் மருமகள் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த அழுகையை அன்று அந்தச் சத்தத்துக்கு நடுவில் அழுது தீர்த்தேன். ஒருத்தியும் பேச்சை நிறுத்தவில்லை.